ஆகாசத்துத் திண்ணை

2025-ஆம் வருஷம் ஜூலை மாதம் நமது நாட்டுப் பத்திரிகைகளில் ஒரு செய்தி வெளியாயிற்று. பூமியைச் சுற்றி வரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் அப்போது தங்கியிருந்த நம்மவரான சுபான்ஷு சுக்லா, பெங்களூரிலும் ஷில்லாங்கிலும் கூடியிருந்த மாணவ மாணவிகளுடன் சம்பாஷித்தார் என்பதே அந்தச் செய்தி. பிள்ளைகள் கேள்வி கேட்டார்கள். அவர் ஆகாசத்திலிருந்து பதில் சொன்னார். செய்தியைப் படித்தவர்கள் யாவரும் மகிழ்ச்சி அடைந்தார்கள். சுக்லாவைப் புகழ்ந்தார்கள், பிள்ளைகளின் சாமர்த்தியத்தைப் புகழ்ந்தார்கள். ஆனால் அந்தச் சம்பாஷணையைச் சாத்தியமாக்கிய சிறு பெட்டியைப் பற்றி அதிகம் பேர் விசாரித்ததாகத் தெரியவில்லை. கல்யாண வீட்டில் மாப்பிள்ளையையும் பெண்ணையும் பார்த்து விட்டு, நாகஸ்வரக்காரரை மறந்து போவது நமக்கு வழக்கந்தானே?

ஆகையால் இந்த வாரம் அந்தப் பெட்டியைப் பற்றியே பிரஸ்தாபிக்கலாம் என்று உத்தேசித்திருக்கிறோம். அதன் பெயர் அமெச்சூர் ரேடியோ. ஹாம் ரேடியோ என்றும் சொல்வார்கள்.

"அமெச்சூர்" என்ற பதம் தமிழ் மக்களுக்குப் புதிதல்ல. சென்னையில் 1891-ஆம் வருஷம் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபையை ஸ்தாபித்த காலத்திலிருந்தே அது நம் காதில் விழுந்து பழகிய சொல். பகலெல்லாம் கோர்ட்டிலும் கச்சேரியிலும் வேலை பார்த்து விட்டு, மாலையில் அரிதாரம் பூசிக் கொண்டு, காலணா ஊதியம் எதிர்பாராமல் மேடை ஏறியவர்களை அமெச்சூர் நடிகர்கள் என்றோம். நாடகத்தில் அவர்கள் எப்படியோ, ரேடியோவில் இவர்கள் அப்படி. பகலில் வைத்தியராகவோ, வாத்தியாராகவோ, ரயில்வே குமாஸ்தாவாகவோ இருப்பார்கள். இரவில் மொட்டை மாடியில் கம்பி கட்டி, உலகத்தின் மறு கோடியில் இருக்கும் முகமறியாத மனிதரைக் கூப்பிட்டுக் குசலம் விசாரிப்பார்கள்.

இந்தக் கூட்டத்தாருக்கு என்று சில நியமங்கள் உண்டு. முதலாவது, சர்க்கார் நடத்தும் பரீட்சையில் தேறி அநுமதிச் சீட்டுப் பெற வேண்டும். இரண்டாவது, இந்த ரேடியோவைக் கொண்டு பணம் சம்பாதிக்கக் கூடாது. மூன்றாவது, ரகசியக் குறி எதுவும் இல்லாமல் யாரும் கேட்டுப் புரிந்து கொள்ளும்படி பேச வேண்டும். ஒவ்வொருவருக்கும் ஓர் அழைப்புக் குறி உண்டு. நம்முடைய பெயருக்கு முன்னால் ஊரின் எழுத்தும் தகப்பனார் எழுத்தும் நிற்பது போல, அந்தக் குறியின் முதல் எழுத்துக்கள் ஆசாமி எந்த தேசத்தவர் என்று சொல்லி விடும். நமது நாட்டவர் பலருடைய குறி "வி.யு." என்று ஆரம்பிக்கும். பிரதம மந்திரியாக இருந்த ராஜீவ் காந்தி இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவர். அவருடைய குறி வி.யு. 2 ஆர்.ஜி. என்பது. மன்னரானாலும் மந்திரியானாலும் இந்தச் சபையில் குறிதான் பெயர். உயர்வு தாழ்வு கிடையாது.

பணம் வாங்காமல் பொழுது போக்குக்காகப் பேசும் இந்த மனிதர்களுக்கும், கோடிக் கணக்கில் செலவிட்டு அனுப்பும் விண்வெளிக் கலங்களுக்கும் என்ன சம்பந்தம் என்று நேயர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பதில் சொல்வதற்குச் சற்றுப் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1957-ஆம் வருஷம் அக்டோபர் 4-ந் தேதி ருஷியர்கள் ஸ்புட்னிக் என்ற சிறு உலோகக் கோளத்தை ஆகாசத்தில் ஏற்றினார்கள். "பீப், பீப்" என்று அது போட்ட சத்தத்தை உலகமெங்கும் முதலில் கேட்டவர்களில் அமெச்சூர்கள் பலர் இருந்தார்கள். அது தற்செயலாக நிகழ்ந்ததன்று. கோளம் எந்த அலை வரிசையில் ஒலிக்கப் போகிறது என்பதை ருஷிய அமெச்சூர்களின் பத்திரிகை முன்கூட்டியே வெளியிட்டிருந்தது. 20 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அந்த வரிசையைச் சாதாரண சிற்றலை ரேடியோவிலேயே பிடிக்க முடிந்தது.

கேட்டதோடு அவர்கள் திருப்தி அடையவில்லை. கலிபோர்னியாவைச் சேர்ந்த சில அமெச்சூர்கள் தங்கள் வீடுகளிலேயே ஒரு துணைக்கோளைச் செய்தார்கள். எடை ஏறக்குறைய நாலரைக் கிலோ. அதற்கு ஆஸ்கார் என்று பெயர் சூட்டினார்கள். ராக்கெட்டில் எடை சரிக்கட்டுவதற்காக வைக்கும் வெற்றுப் பாரத்தின் ஸ்தானத்தில் இதை வைத்து அனுப்பலாமே என்று அமெரிக்க சர்க்காரைக் கெஞ்சிக் கூத்தாடிச் சம்மதிக்க வைத்தார்கள். 1961-ஆம் வருஷம் டிசம்பர் 12-ந் தேதி அது மேலே சென்றது. மார்ஸ் தந்தி மொழியில் நாலு புள்ளியும் இரண்டு புள்ளியுமாக "ஹை, ஹை" என்று ஏறக்குறைய மூன்று வாரம் ஒலித்துக் கொண்டிருந்தது. தந்திக்காரர்களின் பாஷையில் "ஹை" என்றால் சிரிப்பு. அந்தச் சிரிப்பு எவ்வளவு வேகமாக ஒலிக்கிறது என்பதிலிருந்து கோளுக்குள் எவ்வளவு உஷ்ணம் என்று கணக்கிட முடிந்தது. சிரித்துக் கொண்டே ஜுரத்தின் அளவையும் சொல்லும் குழந்தையை இதற்கு முன் யாரும் பார்த்ததில்லை அல்லவா?

யந்திரம் மேலே போயிற்று. மனிதர் போகும் கலத்தில் அமெச்சூர் ரேடியோவுக்கு இடம் கிடைக்க இன்னும் வெகு காலம் ஆயிற்று. அந்தக் கதையின் நாயகர் ஓவன் காரியட் என்ற அமெரிக்க விஞ்ஞானி. அவர் அமெச்சூர், குறி டபிள்யூ 5 எல்.எப்.எல். 1973-ஆம் வருஷம் ஸ்கைலாப் என்ற விண்வெளி நிலையத்தில் 59 நாட்கள் வசித்தார். அந்த நிலையத்தில் ஓர் அமெச்சூர் ரேடியோவை வைக்க வேண்டும் என்று அமெச்சூர்கள் அப்போதே விண்ணப்பம் செய்தார்கள். நாசா என்னும் அமெரிக்க விண்வெளி ஸ்தாபனம் மறுத்து விட்டது. கலத்தில் ஒவ்வொரு அங்குலமும் கணக்கு. ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு. இதில் அரட்டைக்கு இடம் ஏது என்பது உத்தியோகஸ்தர்களின் கட்சி. அந்தக் கட்சியிலும் நியாயம் இல்லாமற் போகவில்லை.

ஆனால் காரியட் விட்டுவிடவில்லை. பத்து வருஷம் பொறுத்திருந்தார். 1983-ஆம் வருஷம் நவம்பர் 28-ந் தேதி கொலம்பியா என்ற ஷட்டில் கலத்தில் இரண்டாவது முறை புறப்பட்டபோது, கையடக்கமான ஒரு ரேடியோவையும், கலத்தின் ஜன்னலில் பொருத்தக் கூடிய ஓர் அண்டெனாவையும் உடன் கொண்டு செல்ல அநுமதி பெற்றார். ஒரு நிபந்தனை மட்டும் உண்டு. ஓய்வு நேரத்தில்தான் பேச வேண்டும்.

ஆகவே மற்றவர்கள் ஓய்வெடுக்கும் வேளையில் காரியட் ஜன்னலண்டை போய் உட்கார்ந்தார். "உட்கார்ந்தார்" என்று பழக்கத்தினால் எழுதி விட்டோம். மிதந்தார் என்பதே சரி. பூமியில் எத்தனையோ ஆயிரம் பேர் காத்திருந்தார்கள். முதலில் அகப்பட்டவர் மான்டானா மாகாணத்தில் இருந்த ஓர் அமெச்சூர். அதன் பிறகு அந்தப் பிரயாணம் முடிவதற்குள் ஏறக்குறைய 250 பேருடன் பேசி விட்டார். அவர்களில் ஜோர்டான் தேசத்து மன்னர் ஹுசேன் ஒருவர். அவரும் அமெச்சூர், ஜே.ஒய். 1 என்பது அவருடைய குறி. அமெரிக்க செனட் அங்கத்தினர் பாரி கோல்ட்வாட்டர் இன்னொருவர். எல்லாரிலும் மேலாக, காரியட் தம்முடைய தாயாருடன் பேசினார். பட்டணத்தில் உத்தியோகம் பார்க்கும் பிள்ளை ஊரில் இருக்கும் தாயாரை விசாரிப்பது உலக வழக்கம். ஆகாசத்தில் உத்தியோகம் பார்த்த பிள்ளை அந்த வழக்கத்தைக் கைவிடாதது விசேஷந்தான்.

அன்று திறந்த கதவு பிறகு மூடவில்லை. 1985-ஆம் வருஷம் டோனி இங்கிலாந்து என்ற விண்வெளி வீரர் சாலஞ்சர் கலத்தில் இருந்து கொண்டு குரலுடன் படங்களையும் பரிமாறிக் கொண்டார். 1988-ஆம் வருஷம் நவம்பர் மாதம் ருஷியர்களும் தங்கள் மீர் நிலையத்தில் அமெச்சூர் ரேடியோவை வைத்தார்கள். அமெரிக்கக் கலம் ஒரு வாரம், பத்து நாள் பறந்து விட்டு இறங்கி விடும். மீரிலோ மாதக் கணக்கில் வாசம். ஆகையால் அங்கே இந்தப் பெட்டிக்கு வேறொரு பிரயோஜனம் தெரிய வந்தது.

ஸெர்கேய் கிரிகாலியோவின் கதையை நேயர்கள் கேள்விப்பட்டிருக்கலாம். 1991-ஆம் வருஷம் மே மாதம் அவர் சோவியத் யூனியனின் பிரஜையாக மீருக்குப் போனார். அவர் மேலே இருக்கும்போதே கீழே தேசம் கலைய ஆரம்பித்தது. அவர் பிறந்த லெனின்கிராட் நகரத்தின் பெயர் ஸெயின்ட் பீட்டர்ஸ்பர்க் என்று மாறிற்று. டிசம்பர் மாத இறுதியில் சோவியத் யூனியன் என்ற ராஜ்யமே இல்லாமற் போயிற்று. சில மாதங்களில் திரும்பியிருக்க வேண்டியவர் 311 நாட்கள் மேலேயே இருந்து, 1992-ஆம் வருஷம் மார்ச் 25-ந் தேதி வந்து இறங்கினார். இறங்கிய இடமும் கஜக்ஸ்தான் என்ற தனி நாடாகி விட்டிருந்தது. அந்த நீண்ட நாட்களில் அவருக்குச் சர்க்கார் அதிகாரிகளின் குரல் அதிகாரிகள் நிர்ணயித்த வேளையில் கிடைத்தது. சாதாரண மனிதர்களின் குரல் அமெச்சூர் ரேடியோ மூலம் கிடைத்தது. கலம் எந்தத் தேசத்தின் மேல் போகிறதோ அந்தத் தேசத்து அமெச்சூர்களுடன் அவர் பேசி வந்தார். ராஜ்யங்கள் கலைந்தாலும் மனிதர்கள் இருக்கிறார்கள் என்பதை உறுதிப்படுத்திக் கொள்ள அதைக் காட்டிலும் நல்ல வழி எது?

இதே கிரிகாலியோவ் 2000-ஆம் வருஷம் நவம்பர் 2-ந் தேதி, சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதன் முதலாகக் குடிபுகுந்த மூவரில் ஒருவராகச் சென்றார். கிருகப் பிரவேசத்துக்கு முன்பே அங்கே ஓர் அமெச்சூர் ரேடியோ போய்ச் சேர்ந்திருந்தது. செப்டம்பர் மாதம் சென்ற ஷட்டில் கலம் அதைக் கொண்டு போய் வைத்திருந்தது. குடியேறிய இரண்டு வாரத்துக்குள் அது பேசத் தொடங்கிற்று. டிசம்பர் 21-ந் தேதி நிலையத்தின் தலைவர் பில் ஷெப்பர்ட், சிகாகோ நகரை அடுத்த ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுடன் உரையாடினார். அன்று தொடங்கிய இந்தப் பள்ளிக்கூடச் சம்பாஷணைகள் ஆயிரத்தைத் தாண்டி வெகு நாளாகிறது. "ஏரிஸ்" என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஒரு சங்கம் இதை நடத்தி வருகிறது. பல தேசத்து அமெச்சூர்கள் 1996-ஆம் வருஷம் கூடி ஏற்படுத்திய சங்கம் அது. அங்கே உழைப்பவர்களில் பெரும்பாலோர் சம்பளம் வாங்காதவர்கள்.

இந்தப் பேச்சு எப்படி நடைபெறுகிறது என்பதைச் சற்று விவரித்தால் நேயர்களுக்கு ருசிக்கும் என்று நம்புகிறோம்.

விண்வெளி நிலையம் பூமிக்கு மேல் ஏறக்குறைய 400 கிலோமீட்டர் உயரத்தில் செல்கிறது. சென்னைக்கும் மதுரைக்கும் உள்ள தூரம் சுமார் அவ்வளவு இருக்கும். அதாவது, நிலையம் நம் தலைக்கு மேல் வரும்போது அதில் உள்ளவர், சென்னைவாசிக்குக் கன்னியாகுமரிக்காரரை விட அருகில் இருக்கிறார். ஆனால் நம் கன்னியாகுமரிக்காரர் ஓரிடத்தில் நிற்பார். நிலையமோ மணிக்கு 28,000 கிலோமீட்டர் வேகத்தில் பாய்ந்து, ஒன்றரை மணி நேரத்தில் பூமியை ஒரு சுற்றுச் சுற்றி விடுகிறது. ஓர் ஊரின் அடிவானத்தில் அது எழுந்து மறு அடிவானத்தில் மறைவதற்குள் அதிகபட்சம் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத்துக்குள் இருபது பிள்ளைகள் இருபது கேள்வி கேட்டு, பதிலும் பெற்றாக வேண்டும். கேள்வி ஒன்று நீண்டால் கடைசிக் குழந்தையின் முறை வருவதற்குள் கலம் மறைந்து விடும். நமது சட்டசபை அங்கத்தினர்களுக்கும் சங்கீத சபைகளில் வந்தனோபசாரம் சொல்பவர்களுக்கும் இந்தப் பயிற்சியை அளித்தால் நாடு க்ஷேமமடையும் என்பது நமது அபிப்பிராயம்.

சிற்றலை ரேடியோவின் அலைகள் ஆகாசத்தில் ஓர் உயரத்துக்கு மேல் போகாமல் பெரும்பாலும் வளைந்து பூமிக்கே திரும்பி விடும். அதனாலேதான் லண்டன் ஒலிபரப்பை நாம் கேட்க முடிகிறது. விண்வெளியோடு பேசுவதற்கு அந்தக் குணம் உதவாது. இரண்டு மீட்டர் நீளமுள்ள அலைகளோ மேல் மண்டலத்தைத் துளைத்துக் கொண்டு நேரே சென்று விடும். ஆகையால் நிலையத்தின் குரல் 145.8 மெகாஹெர்ட்ஸ் வரிசையில் வருகிறது. அதிலும் ஒரு சூட்சுமம். ரயில் நம்மை நோக்கி வரும்போது அதன் ஊதல் உச்ச ஸ்தாயியில் கேட்பதும், தாண்டிப் போனதும் சுருதி இறங்குவதும் எல்லாரும் அறிந்தது. ரேடியோ அலைக்கும் அதே கதி. கலம் நெருங்கும்போது 3.5 கிலோஹெர்ட்ஸ் அளவுக்கு ஏறியும், விலகும்போது அவ்வளவே இறங்கியும் ஒலிக்கும். கீழே இருப்பவர் தம்புராவின் சுருதியைக் கணத்துக்குக் கணம் சரிப்படுத்தும் வித்வானைப் போல ரேடியோவைத் திருப்பிக் கொண்டே இருக்க வேண்டும். மொட்டை மாடியில் உள்ள அண்டெனாவும் கலத்தைப் பின்தொடர்ந்து சூரியகாந்திப் பூவைப் போல் திரும்ப வேண்டும். பள்ளி இருக்கும் ஊருக்குச் சரியான வேளையில் கலம் வராவிட்டால், அது வரும் வேறு தேசத்திலுள்ள ஓர் அமெச்சூர் தம்முடைய அண்டெனாவில் குரலைப் பிடித்து, டெலிபோன் வழியாகப் பள்ளிக்குச் சேர்ப்பித்து விடுவார்.

இந்த ரேடியோவில் நகைச்சுவைக்கும் பஞ்சமில்லை. 2006-ஆம் வருஷம் பிப்ரவரி 3-ந் தேதி, நிலையத்திலிருந்த இருவர் பழசாகிப் போன ஒரு விண்வெளி உடுப்புக்குள் சிறு ரேடியோ ஒன்றை வைத்து, அதை வெளியே தள்ளி விட்டார்கள். கம்பங்கொல்லைப் பொம்மை போல் கையைக் காலை விரித்துக் கொண்டு ஆளில்லாச் சட்டை பூமியைச் சுற்றி வந்தது. அதன் குரல் மிகவும் பலவீனமாயிருந்தபடியால் உலகமெங்கும் அமெச்சூர்கள் காதைத் தீட்டிக் கொண்டு கேட்டார்கள். அந்த வருஷம் செப்டம்பர் மாதம் சட்டை காற்று மண்டலத்தில் வீழ்ந்து எரிந்து போயிற்று.

இவ்வளவும் சரி. ஆனால் 1973-ஆம் வருஷத்து உத்தியோகஸ்தர் எழுப்பிய ஆட்சேபம் இன்னும் இருக்கத்தான் இருக்கிறது. அதை நாம் மறைக்க விரும்பவில்லை. விண்வெளி வீரரின் ஒவ்வொரு நிமிஷத்துக்கும் விலை உண்டு. இப்போது நிலையத்திலிருந்து முகம் பார்த்துப் பேசும் வசதியே இருக்கிறது. சுக்லாவும் பிரதம மந்திரியுடன் அவ்வாறுதான் பேசினார். அப்படியிருக்க, இரைச்சலும் கரகரப்புமாக ஒலிக்கும் இந்தப் பழைய வழி எதற்கு?

இந்தக் கேள்விக்கு நமது பதில் இதுதான். முகம் பார்த்துப் பேசும் வசதி சர்க்காருக்குச் சொந்தமான வழி. துணைக்கோள்கள், தரை நிலையங்கள், கட்டுப்பாட்டு அறைகள் ஆகிய பல வாசல்களைக் கடந்து அது வருகிறது. எந்த வாசலிலும் அதை நிறுத்தலாம். யார் பேசலாம் என்பதை யாரோ தீர்மானிக்கலாம். அமெச்சூர் ரேடியோவோ பள்ளிக்கூடத்து மொட்டை மாடிக்கும் கலத்தின் ஜன்னலுக்கும் நேர்ப் பாதை. கலத்தின் மற்ற வழிகள் பழுதுபட்டால் மிஞ்சி நிற்கக் கூடியதும் அதுவே. மேலும், பிள்ளைகள் அங்கே வெறும் பார்வையாளர்கள் அல்ல. கலம் எப்போது எழும், எங்கே மறையும் என்று கணக்குப் போட வேண்டும். அண்டெனா கட்ட வேண்டும். சுருதி மாறுவதன் காரணத்தைத் தெரிந்து கொள்ள வேண்டும். பத்து நிமிஷப் பேச்சுக்குப் பின்னால் பல மாதங்களின் படிப்பு இருக்கிறது. பெரிய மனிதர் தரிசனம் தருவதற்கும், வாத்தியார் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

நமது பழைய வீடுகளில் கூடம் உண்டு, தாழ்வாரம் உண்டு, உக்கிராண அறை உண்டு. இவையெல்லாம் வீட்டாருக்கு. தெருவைப் பார்த்து ஒரு திண்ணை மட்டும் வழிப்போக்கருக்காகக் கட்டியிருப்பார்கள். அங்கே உட்கார யாருடைய உத்தரவும் வேண்டாம். அதனால் வீட்டுக்கு வருமானம் ஒன்றும் கிடையாது, இடமும் அடைக்கும். ஆயினும் திண்ணையில்லாத வீட்டை நம் பெரியவர்கள் வீடாக மதித்ததில்லை. கோடானு கோடி பணத்தில் ஆகாசத்தில் கட்டிய வீட்டுக்கு இந்தச் சிறு பெட்டிதான் திண்ணை.

அந்தத் திண்ணையில் தலைமுறை தலைமுறையாக ஆட்கள் உட்கார்ந்து வருகிறார்கள் என்பதற்கு ஓர் உதாரணம் சொல்லுவோம். ஓவன் காரியட்டின் குமாரர் ரிச்சர்ட் 2008-ஆம் வருஷம் அக்டோபர் மாதம் தம் சொந்தச் செலவில் விண்வெளி நிலையத்துக்குச் சென்றார். தகப்பனார் பேசி இருபத்தைந்து வருஷத்துக்குப் பிறகு, பிள்ளை அதே அமெச்சூர் அலைவரிசையில் பூமியை நோக்கி அழைப்பு விடுத்தார். பெரியவர் காரியட் அதைக் காணும் பாக்கியம் பெற்று, 2019-ஆம் வருஷம் காலமானார்.

நமது தேசத்துக்கு இந்த விஷயத்தில் சம்பந்தம் இல்லை என்று எண்ண வேண்டாம். கர்னாலில் பிறந்து அமெரிக்கக் கலத்தில் இரு முறை பறந்து, 2003-ஆம் வருஷம் கொலம்பியா விபத்தில் உயிர் நீத்த கல்பனா சாவ்லா அமெச்சூர் அநுமதி பெற்றவர். 2005-ஆம் வருஷம் மே 5-ந் தேதி ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து நமது ராக்கெட் "ஹாம்ஸாட்" என்ற துணைக்கோளை ஏற்றிச் சென்றது. அமெச்சூர்களுக்காகவே செய்யப்பட்ட 42.5 கிலோ எடையுள்ள கோள் அது. 2014-ஆம் வருஷம் வரையில் பல தேசத்தாருக்கு உழைத்தது. தென் ஆசியாவின் மற்ற நாட்டவரும் ஐரோப்பியரும் இந்தியாவின் கோள் வழியாகப் பேசினார்கள் என்பது நாம் பெருமை கொள்ளக் கூடிய விஷயம்.

அமெச்சூர்களின் பேச்சை வெறும் வம்பளப்பு என்று இகழ்பவர்கள் 2004-ஆம் வருஷத்தை நினைவு கூர வேண்டும். அந்த டிசம்பரில் டில்லியிலிருந்து ஒரு பெண்மணியின் தலைமையில் சிறு கோஷ்டி ஒன்று போர்ட் பிளேருக்குச் சென்று அமெச்சூர் ரேடியோவை இயக்கிக் கொண்டிருந்தது. அந்தமானிலிருந்து உலகத்தாரோடு பேசுவதுதான் அவர்களுடைய நோக்கம். 26-ந் தேதி காலையில் கடல் பொங்கிற்று. தீவுகளில் டெலிபோன் அறுந்தது, மின்சாரம் நின்றது. பொழுது போக்குக்காகக் கொண்டு போயிருந்த பெட்டி அன்றே உயிர் காக்கும் பெட்டியாயிற்று. தீவுகளிலிருந்து தாயகத்துக்கும், தாயகத்திலிருந்து தவிக்கும் சுற்றத்தாருக்கும் அந்தக் கோஷ்டியினர் செய்தி சொன்னார்கள். திண்ணையில் உட்கார்ந்திருந்த வழிப்போக்கர்தான் வீடு பற்றிக் கொண்டபோது முதலில் குரல் கொடுத்தார்.

இனி, இதையெல்லாம் நாம் இப்போது எழுதுவதற்கு உண்மையான காரணத்துக்கு வருகிறோம். சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு வயதாகி விட்டது. 2030-ஆம் வருஷத்தை ஒட்டி அதைப் பசிபிக் சமுத்திரத்தில் இறக்கி விடத் திட்டமிட்டிருக்கிறார்கள். அதற்குப் பதிலாக அமெரிக்காவில் தனிக் கம்பெனிகள் நிலையங்களைக் கட்ட முற்பட்டிருக்கின்றன. கம்பெனி என்றால் லாபம் பார்க்கும், பார்ப்பதில் தவறில்லை. ஆனால் அமெச்சூர் ரேடியோவின் முதல் தர்மமே பணத்தைத் தொடக் கூடாது என்பது. நிமிஷத்துக்கு இவ்வளவு என்று வாடகை பேசும் வீட்டில், வாடகையே வசூலிக்க முடியாத திண்ணைக்கு இடம் விடுவார்களா? பூமியில் கூட இந்த இரண்டு மீட்டர் வரிசையின் மீது பிறர் கண் விழுந்தது உண்டு. 2019-ஆம் வருஷம் ஐரோப்பாவில் அதை விமானப் போக்குவரத்துக்கும் பங்கிட்டுக் கொடுக்கலாமா என்று ஒரு யோசனை கிளம்பிற்று. அமெச்சூர்கள் ஒன்று கூடி எதிர்த்ததனால் அது கைவிடப்பட்டது. கேட்பாரற்றுக் கிடந்தால் திண்ணையைக் கடையாக்கி விடுவார்கள் என்பதற்கு இது ஓர் எச்சரிக்கை.

இந்த நேரத்தில் நமது நாடு சொந்த வீடு கட்டப் புறப்பட்டிருக்கிறது. நம்மவரை நமது ராக்கெட்டிலேயே அனுப்புவது ககன்யான் திட்டத்தின் நோக்கம். 2035-ஆம் வருஷத்துக்குள் பாரதிய அந்தரிக்ஷ நிலையம் என்ற பெயரில் ஆகாசத்தில் ஒரு நிலையம் அமைப்பதென்றும் சங்கற்பம் செய்திருக்கிறார்கள். வீட்டுக்கு வரைபடம் போடும்போதே திண்ணைக்கு இடம் விட வேண்டும். சுவர் எழுப்பிய பிறகு யோசித்தால் செலவும் அதிகம், தொல்லையும் அதிகம். கலத்தின் வெளிப்புறத்தில் ஓர் அண்டெனா, உள்ளே ஒரு சிறு பெட்டி, சுவரில் ஒரு கம்பி போகும் துவாரம், இவ்வளவுதான் வேண்டியது. ஆனால் விண்வெளிக் கலத்தில் ஏறும் எந்தப் பொருளும், தீப்பற்றுமா, விஷ வாயு விடுமா என்று பல பரீட்சைகளில் தேற வேண்டும். சர்வதேச நிலையத்தில் 2020-ஆம் வருஷம் பொருத்திய புதிய ரேடியோவுக்குத் தொண்டர்கள் ஏறக்குறைய ஐந்து வருஷம் உழைத்தார்கள். ஆகையால் நம்முடைய பொறியியல் கலாசாலைகளும் அமெச்சூர் சங்கங்களும் இப்போதே வேலை தொடங்கினால்தான் காரியம் ஆகும். சர்க்காரும் இதற்கு மனமுவந்து இடமளிக்க வேண்டும்.

1984-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம் ராகேஷ் சர்மா ருஷியக் கலத்தில் சென்றபோது, தேசத்தின் சார்பில் இந்திரா காந்தி அவருடன் பேசினார். தேசம் முழுவதும் கேட்டது, பெருமிதத்தால் பூரித்தது. 2025-ஆம் வருஷம் சுக்லாவுடன் பிரதம மந்திரியும் பேசினார். ஷில்லாங்கில் கூடிய சிறு பிள்ளைகளும் பேசினார்கள். நாற்பது வருஷத்தில் நாம் அடைந்த முன்னேற்றத்துக்கு இதை விடச் சிறந்த அளவுகோல் வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பிள்ளைகள் பேசியது பிறர் வீட்டுத் திண்ணையில் இருந்தவரோடு என்பதையும் மறக்கலாகாது.

நமது சொந்த நிலையம் ஆகாசத்தில் சுற்றும் நாளில், திருநெல்வேலிச் சீமையில் ஏதோ ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தின் கூரை மீது, ஐந்தாறு பிள்ளைகள் அலுமினியக் குழாயில் தாங்களே கட்டிய அண்டெனாவைத் தூக்கிப் பிடித்து, "பதில் சொல்லுங்கள்" என்று கேட்க வேண்டும். மேலே இருக்கும் நம்மவர் பதில் சொல்ல வேண்டும். அதற்கு வேண்டிய பெட்டி எடையில் ஒரு சில கிலோதான். அவ்வளவு எடைக்கு இடம் விடுவதற்குத் தேசத்துக்குத் தெம்பு உண்டு. மனசும் உண்டு என்றே நாம் நம்புகிறோம்.